சிறுவயலுக்கு வந்த விருந்தாளி

1801 மே 24ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்துத் தள்ளப்பட்ட கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் எழுப்பி, மூன்று மாதத்துக்கு மேல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தடுத்து நிறுத்திய அவர் தம்பி ஊமைத்துரை, காயத்தோடு சிவகங்கைச் சீமைக்கு வந்து சேர்ந்தார். அந்தச் சீமையை நடத்திய மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது சிறுவயலில் அவரை வரவேற்று வைத்துக்கொண்டார். கம்பெனி அவரைத் தரச் சொன்னது. மருதுகள் தரவில்லை. அக்டோபர் 24ஆம் தேதி அண்ணன் தம்பி இருவரையும் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள். அடுத்த மாதம் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையையும்.

இவ்வளவும் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். மே மாதத்துக்கும் அக்டோபருக்கும் நடுவே இருப்பதைப் பற்றி அவ்வப்போது குறித்து வைத்தவை கீழே வருகின்றன. ஒழுங்காக அடுக்கவில்லை.

*

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி பாஞ்சாலங்குறிச்சிப் போரிலும் சிவகங்கைப் போரிலும் இருந்தவர். 1830ல் தன் படை வாழ்க்கை நினைவுகளை இரண்டு பாகமாக அச்சிட்டார். தோற்றவர்களைப் பற்றி ஜெயித்தவன் எழுதிய புத்தகம். ஆனாலும் அதைத் தவிர்த்துவிட்டு இந்தக் கதையை யாராலும் எழுத முடிந்ததில்லை.

ஊமைத்துரை தப்பிய விதத்தை அவர்தான் சொல்கிறார். கோட்டை விழுந்த பிறகு பெண்கள் போர்க்களத்தில் தங்கள் ஆட்களைத் தேடிக்கொண்டு திரிகிறார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடிக்கிறாள். உயிர் போய்க்கொண்டிருக்கிறது. தூக்கப் போகிறாள். அவன் தடுத்து, என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. அவள் மகனை விட்டுவிட்டு, கூட வந்த பெண்களோடு சேர்ந்து ஊமைத்துரையைச் சுமந்துகொண்டு போகிறாள். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்கள் நெருங்கியதும் அவர்மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை கண்டு செத்தவன் என்கிறார்கள். வந்தவர்கள் துணியைத் தொடாமல் விலகி ஓடிவிடுகிறார்கள்.

அம்மையைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றியது? பெயர் இல்லை. வெல்ஷ் கேட்கவில்லை, நம்மவர்களும் எழுதி வைக்கவில்லை. ஊமைத்துரைக்கு முதலில் அடைக்கலம் கொடுத்தவர்கள் இவர்கள்தான். மருதுகள் இரண்டாவது.

*

ஊமைத்துரை பேச மாட்டார். படை நடத்தியது சைகையால். வெல்ஷ் சொல்வது: சின்னத் துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் பரப்பி வைப்பார். அது வெள்ளைக்காரப் படை. பிறகு சைகையால் நேரம் முதலியவற்றைக் காட்டிவிட்டு, வலது கையால் அத்தனை துரும்பையும் ஒரு வீச்சில் தள்ளிவிடுவார். வாயால் ஒரு சீறல். அதுதான் பாய்ச்சலுக்கு உத்தரவு. ஒல்லியான, நோயாளி போன்ற உடம்பு என்றும் எழுதியிருக்கிறார். அந்த உடம்பைத்தான் கம்பெனி ஒரு சீமையிடம் விலைபேசிக் கேட்டது.

*

வெல்ஷைப் பற்றி இன்னொன்று. 1795 வாக்கில் மதுரையில் இருந்தபோது அவருக்குச் சின்ன மருதுவோடு பழக்கம். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். நல்ல அரிசியும் பழங்களும் அனுப்பிக்கொண்டே இருப்பாராம். தடித்த சொரசொரப்பான தோலுள்ள பெரிய ஆரஞ்சு ஒன்று, அவ்வளவு இனிப்பை வேறெங்கும் கண்டதில்லை என்று முப்பது வருஷம் கழித்தும் ஞாபகம் வைத்து எழுதுகிறார். சிறுவயல் அரண்மனைக்குக் காவலே கிடையாது, யாரும் போகலாம் வரலாம் என்பதும் அவர் சொன்னதே.

அந்த வெல்ஷ் 1801ல் அதே சிறுவயலைப் பிடிக்க வந்த படையில் இருந்தார். சின்ன மருது காட்டு மிருகம்போலத் துரத்தப்பட்டுப் பிடிபட்டதையும், தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடந்ததையும் வருத்தத்தோடு விவரிக்கிறார். வருத்தம் உண்மையானதாகவே படுகிறது. ஆனால் உத்தியோகத்தை விட்டுவிடும் அளவுக்கு இல்லை. சிறுவயல் வீட்டில் உபசாரம் பெற்றவர்கள் இரண்டு பேர், ஊமைத்துரையும் வெல்ஷும். ஒருவரைக் காப்பதற்காக மருதுகள் செத்தார்கள், இன்னொருவர் அவர்களைப் பிடிக்கிற படையில் வந்தார். இதை ஒரு நாவலாசிரியர் எழுதினால் செயற்கை என்று அடித்துவிடுவோம்.

*

அடைக்கலத்துக்கு மறுபக்கம் புதுக்கோட்டை. 1799 செப்டம்பரில் கட்டபொம்மன் வடக்கே ஓடி, திருக்களம்பூர்ப் பக்கத்துக் காட்டில் இருந்தபோது புதுக்கோட்டை அரசர் தொண்டைமானின் ஆட்கள் அவரைப் பிடித்தார்கள். கலெக்டர் லூஷிங்டனிடமிருந்து முன்பே கடிதம் வந்திருந்தது. ஒப்படைத்தார்கள். அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கு.

ஊர் வாயில் இந்தப் பழியும் எட்டயபுரத்து எட்டப்பன் தலையில் ஏறிவிட்டது. எட்டயபுரம் பாஞ்சாலங்குறிச்சிக்குப் பரம்பரை எதிரி. எதிரியாக நின்றது, எதிரியாகவே சண்டை போட்டது. அடைக்கலம் தேடி யாரும் எட்டயபுரத்துக்குப் போகவில்லை, ஆகவே அடைக்கலத்தை விற்றது என்று அதன்மேல் குற்றம் சாட்ட முடியாது. இரண்டு நூற்றாண்டாகத் தவறான ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

புதுக்கோட்டைக்காரர்கள் சொல்லும் நியாயத்தையும் எழுதி வைக்க வேண்டும். தொண்டைமான்கள் 1750களிலிருந்து கம்பெனியின் கூட்டாளிகள். திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது கம்பெனிப் படைக்குத் தானியம் போனது அங்கிருந்துதான். கட்டபொம்மனுக்கு அவர்கள் வாக்குக் கொடுத்ததில்லை. வா என்று அழைக்கவுமில்லை. தன் எல்லைக்குள் நுழைந்த, தன் கூட்டாளி தேடுகிற ஆளைப் பிடித்துக் கொடுத்தது துரோகமா என்று கேட்கிறார்கள். எளிதாகத் தள்ளிவிட முடியாத கேள்வி. ஒருவன் எப்போது விருந்தாளி ஆகிறான்? எல்லைக் கல்லைத் தாண்டியதுமா, திண்ணையில் உட்கார்ந்ததுமா, ஒரு கை சோறு தின்ற பிறகா? திருக்களம்பூர்க் காட்டில் கட்டபொம்மன் இந்த மூன்றில் முதலாவதை மட்டுமே செய்திருந்தார்.

ஆனால் வரவு செலவையும் பார்க்க வேண்டும். 1803ல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த பகுதியும் தொண்டைமானுக்குக் கிடைத்தன. பாளையக்காரர் போர்களில் செய்த உதவிக்குப் பரிசு. வருஷம் ஒரு யானை கப்பமாகத் தர வேண்டும் என்பது நிபந்தனை. கட்டபொம்மனைக் கொடுத்ததற்கு மட்டும் கொடுத்த கூலி அது என்று சொல்வது நியாயமில்லை. மருதுகளுக்கு எதிரான போரிலும் புதுக்கோட்டை ஆட்கள் கம்பெனியோடு நின்றார்கள், எல்லாம் சேர்ந்த கணக்கு. புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தனி சமஸ்தானமாக இருந்தது. குளம், பள்ளிக்கூடம், நேரான தெருக்கள், நல்ல நிர்வாகம். சிவகங்கை ஜமீனாகி, வாரிசு வழக்கில் சிக்கி, லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் வக்கீல்களுக்குச் சோறு போட்டது. குடிமக்களின் நல்வாழ்வை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் தொண்டைமான் ஜெயிப்பார்.

எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. ஏன் என்று தேடியதுதான் அடுத்த இரண்டு மூன்று குறிப்புகள்.

*

ஹெரோடோட்டஸ் முதல் புத்தகத்தில் ஒரு கதை. பாரசீகப் பேரரசர் கோரேசு லிடியாவைப் பிடித்தபின், அங்கே வசூலித்த பொன்னைக் கொண்டுவரும் பொறுப்பைப் பக்டியஸ் என்ற உள்ளூர்க்காரனிடம் விடுகிறார். அவன் அந்தப் பொன்னை வைத்தே கலகம் செய்கிறான். படை வருகிறது என்றதும் கடற்கரையிலுள்ள கிமே என்ற கிரேக்க நகரத்துக்கு ஓடிவருகிறான். பாரசீகர்கள் அவனைத் தரச் சொல்கிறார்கள்.

கிமே மக்கள் முடிவெடுக்கப் பயந்து கோயிலில் குறி கேட்கிறார்கள். கொடுத்துவிடு என்று தெய்வம் சொல்கிறது. அரிஸ்டோடிகஸ் என்பவனுக்கு மட்டும் சந்தேகம். அவனே இரண்டாம் முறை போய்க் கேட்கிறான். அதே பதில். உடனே அவன் கோயிலைச் சுற்றி நடந்து, சுவரிலும் தூணிலும் கூடு கட்டியிருந்த சிட்டுக்குருவிகளையும் மற்ற பறவைகளையும் ஒவ்வொன்றாகக் கலைக்கத் தொடங்குகிறான். உள்ளேயிருந்து குரல் வருகிறது: என்னை நம்பி என் வீட்டில் தங்கியவற்றை விரட்டுகிறாயே, பாவி! அவன் திருப்பிக் கேட்கிறான்: உன்னை நம்பி வந்தவர்களை நீ காப்பாய், எங்களை நம்பி வந்தவனை நாங்கள் கொடுக்க வேண்டுமா? அதற்குத் தெய்வம் தந்த பதில்தான் என்னை உலுக்கியது. ஆமாம், கொடு என்றுதான் சொல்கிறேன். அந்தப் பாவத்தில் நீங்கள் சீக்கிரம் அழியட்டும், இனி ஒருபோதும் இப்படி ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வராதீர்கள்.

கேட்டதே குற்றம் என்கிறது அந்தக் குரல்.

கிமேக்காரர்கள் அப்புறமும் துணியவில்லை. கொடுத்தால் தெய்வ குற்றம், வைத்திருந்தால் முற்றுகை. அவனைப் பக்கத்துத் தீவிலுள்ள மிட்டிலினிக்கு அனுப்பினார்கள். மிட்டிலினிக்காரர்கள் விலை பேசுவது தெரிந்ததும் கப்பல் அனுப்பி அவனைக் கியோஸ் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். கியோஸ்காரர்கள் அதேனா கோயிலுக்குள்ளிருந்து அவனை இழுத்து வந்து பாரசீகரிடம் கொடுத்தார்கள். பரிசாக எதிர்க்கரையில் அடார்னியஸ் என்ற விளைநிலப் பகுதி கிடைத்தது. வெகுகாலம்வரை கியோஸ்காரர் யாரும் அந்த நிலத்துத் தானியத்தைச் சாமிக்குப் படைக்கவில்லையாம், அந்த மாவில் படையல் பணியாரம் சுடவில்லையாம். தாங்கள் மட்டும் தின்றார்கள்.

அடார்னியஸுக்குப் பக்கத்தில் கீழாநிலை என்று பென்சிலால் எழுதி வைத்தேன். நியாயமா என்று இன்னும் தெரியவில்லை. அழிக்கவும் இல்லை.

*

ஜெருசலேம் தால்முதில் வருகிற ஒன்று. ரோமர் காலம், லோது நகரம். உல்லா என்பவனை அரசாங்கம் தேடுகிறது. அவன் ஓடிவந்து ரப்பி யோசுவா பென் லேவியின் ஊரில் ஒளிகிறான். படை வந்து ஊரைச் சூழ்ந்து, அவனைத் தராவிட்டால் ஊரை அழிப்போம் என்கிறது. யூதச் சட்டத்தில் இதற்கு ஏற்கெனவே விதி உண்டு. உங்களில் யாராவது ஒருவனைக் கொடு என்று எதிரி கேட்டால், எல்லாரும் செத்தாலும் கொடுக்கக் கூடாது. பெயர் சொல்லி இன்னாரைக் கொடு என்று கேட்டால் கொடுக்கலாம். ரப்பி அதன்படி உல்லாவிடம் பேசிச் சம்மதிக்க வைத்து ஒப்படைக்கிறார். ஊர் தப்புகிறது.

அதுவரை அந்த ரப்பிக்கு எலியா தீர்க்கதரிசி அடிக்கடி காட்சி கொடுப்பாராம். அன்றோடு நின்றுபோகிறது. ரப்பி நோன்பிருந்து மன்றாடுகிறார். கடைசியில் எலியா வந்து, காட்டிக்கொடுப்பவர்களுக்கு நான் காட்சி தர வேண்டுமா என்கிறார். சட்டப்படிதானே செய்தேன் என்கிறார் ரப்பி. சட்டம் சரி, நல்லோர் நடக்கிற சட்டமா அது என்று எலியா கேட்கிறார்.

எலியா ரப்பியைத் தண்டிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரைக் காப்பாற்றியது தப்பு என்றும் சொல்லவில்லை. காட்சி தருவதை நிறுத்திக்கொண்டதோடு சரி. தொண்டைமான்மேல் எனக்கிருக்கும் மனத்தாங்கலும் ஏறக்குறைய அந்த அளவுதான்.

*

மருதுகள் செய்தது சுத்தமான விருந்தோம்பலா? இல்லை. இதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும்.

ஊமைத்துரை வருவதற்கு முன்பே கம்பெனிக்கும் மருதுகளுக்கும் உறவு கெட்டிருந்தது. கே. ராஜய்யன் 1971ல் எழுதிய ஆராய்ச்சி நூல், திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சி கோபால நாயக்கரிலிருந்து மலபார், மைசூர்ப் பகுதிகள்வரை நீண்ட ஒரு கூட்டணியை விரிவாகக் காட்டுகிறது. அந்தக் கூட்டணியின் நடுத்தூண்களில் சின்ன மருது ஒருவர். ஆகவே வந்தது வெறும் அகதி இல்லை, தோழன், தளபதி. 1801 ஜூன் 16ஆம் தேதி திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்ட சின்ன மருதுவின் அறிக்கை கம்பெனிமேல் நேரடியான போர் அறிவிப்பு. அடைக்கலம் மறுத்திருந்தாலும் போர் வந்திருக்கும்.

அந்த அறிக்கையிலும் விருந்தாளி வருகிறார் என்பது வேடிக்கை. புத்தியில்லாமல் ஐரோப்பியருக்கு இடம் கொடுத்ததால் ஆற்காட்டு நவாபு முகமது அலி கைம்பெண்ணைப்போல ஆகிவிட்டார் என்ற கருத்து அதில் இருக்கிறது. விருந்தாளியாக வந்தவன் வீட்டுக்காரன் ஆன கதை. இதை எழுதியவர் வீட்டில் அந்த நேரம் ஊமைத்துரை தங்கியிருந்தார். யாருக்கு இடம் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மருதுகள் தாங்களே அடைக்கலத்தில் வாழ்ந்தவர்கள். 1772 ஜூனில் நவாபு படையும் கம்பெனிப் படையும் காளையார்கோவிலைப் பிடித்து சிவகங்கை அரசர் முத்துவடுகநாதரைக் கொன்ற பிறகு, அவர் மனைவி வேலு நாச்சியார், அமைச்சர் தாண்டவராய பிள்ளை, மருதுகள் எல்லாரும் விருப்பாட்சிக்கு ஓடி, ஹைதர் அலியின் நிழலில் ஏழெட்டு வருஷம் இருந்தார்கள். பிறர் வீட்டில் அவ்வளவு காலம் சோறு தின்றவனுக்கு, வாசலில் வந்து நிற்பவனைப் பார்க்கும் கண்ணே வேறாக இருக்கும். ஆனால் விருப்பாட்சிக்குப் பின்னால் ஹைதர் இருந்தார். சிறுவயலுக்குப் பின்னால் காடுதான்.

*

காடு சாதாரணமில்லை. ஜூலைக் கடைசியில் கம்பெனியின் கர்னல் அக்னியூ சிறுவயலை நெருங்கியபோது ஊர் எரிந்துகொண்டிருந்தது. தாங்களே தீ வைத்துவிட்டுக் காளையார்கோவிலுக்குப் பின்வாங்கியிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே அடர்ந்த முட்காடு. அக்னியூ அதற்குள் ஒரு பாதை வெட்ட உத்தரவிட்டார். ஏறக்குறைய ஒரு மாதம் வெட்டினார்கள். தினமும் மறைவிலிருந்து சுட்டார்கள், வெட்டுகிறவர்கள் விழுந்தார்கள், பாதை கொஞ்சம் நீண்டது. செப்டம்பர் தொடக்கத்தில் கைவிட்டுத் திரும்பிவிட்டார்கள். கம்பெனியின் பீரங்கியையும் பணத்தையும் ஒரு காடு நிறுத்தி வைத்தது.

பிறகு அக்னியூ செய்ததுதான் இந்தக் கதையின் நடு முடிச்சு என்று நினைக்கிறேன். கோடாரியை வைத்துவிட்டு ஆளைத் தேடினார். படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவர், சிவகங்கை அரச வம்சத்தோடு உறவு உரிமை கொண்டவர், மருதுகளுக்குப் பயந்து சீமைக்கு வெளியே ஒதுங்கி வாழ்ந்தவர். அவரை அழைத்து வந்து, செப்டம்பரில் சோழபுரத்தில் சடங்கு நடத்தி, சிவகங்கை ஜமீன்தார் இவரே என்று அறிவித்தார். மருதுகள் சேர்வைக்காரர்கள், பட்டத்துக்கு உரிமை இல்லாதவர்கள், உங்கள் உண்மையான ராஜா இதோ என்று குடிகளுக்குச் சொன்னார். வேலு நாச்சியார் 1796ல் இறந்த பிறகு உள்ளுக்குள் இருந்த புகைச்சல் அவருக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஆட்கள் கழன்றார்கள். அக்டோபர் 1ஆம் தேதி மூன்று பக்கமிருந்தும் வந்து காளையார்கோவிலை எடுத்துக்கொண்டார்கள்.

ஒப்படைக்க மறுக்கிற வீட்டில், அந்த மறுப்பில் சேராத ஒருவன் எப்போதும் இருப்பான். சொத்துத் தகராறு, பழைய அவமானம், வரி பாக்கி, ஏதோ ஒன்று. வலிமையான எதிரி கதவை உடைப்பதைவிட அவனைத் தேடுவதில் கெட்டிக்காரன். கௌரி வல்லபரைத் துரோகி என்று எழுதுவது சுலபம். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் தன் வீட்டைத் திரும்ப வாங்கினார். ஊமைத்துரையை வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் யார் கேட்டார்கள்?

அவரை விடுவோம். சிறுவயல் குடியானவனிடம் யார் கேட்டார்கள்? எரிந்தது அவன் கூரை.

*

இதற்கு நேர் எதிராக ஓர் ஊர். பிரான்சில் லே ஷம்போன் என்ற மலைக் கிராமம். 1940 முதல் 44 வரை யூத அகதிகளை, முக்கியமாகக் குழந்தைகளை, ஒளித்து வைத்தது. ஆந்திரே ட்ரோக்மே என்ற பாதிரியார் முன்னின்றார் என்று சொல்வோம். உண்மையில் அவர் உத்தரவு போட்டு நடந்த காரியமில்லை. ஒவ்வொரு பண்ணை வீட்டிலும் கதவு தட்டப்பட்டபோது, அந்த வீட்டுக்காரி தானே முடிவு செய்தாள். பக்கத்து வீட்டில் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். அந்த மக்கள் புராட்டஸ்டண்டுகள், தங்கள் முன்னோரை அரசர்கள் வேட்டையாடிய நினைவு வீட்டுக்கு வீடு இருந்தது. அங்கேயும் விலை இருந்தது. ஆந்திரேயின் உறவினர் டேனியல் ட்ரோக்மே 1943 ஜூனில் தன் பொறுப்பிலிருந்த மாணவர்களோடு பிடிபட்டு, முகாமில் இறந்தார். ஊரின் டாக்டர் ரோஜே லெ ஃபொரஸ்தியே 1944ல் கொல்லப்பட்டார். ஆனால் கதவைத் திறந்து வைத்தவர்களும் விலை கொடுத்தவர்களும் ஒரே ஆட்கள்.

*

சிவகங்கையில் ஒரே ஒருத்தியிடம் கேட்டிருக்கிறார்கள். அதுவும் ஊர்க்கதையில். கொல்லங்குடிக்குப் பக்கத்தில் அரியாக்குறிச்சி வெட்டுடையார் காளி கோயில். 1772ல் வேலு நாச்சியார் தப்பிப் போகும்போது மாடு மேய்த்துக்கொண்டிருந்த உடையாள் என்ற பெண் பார்த்தாள். துரத்தி வந்தவர்கள் எந்தப் பக்கம் போனாள் என்று கேட்டார்கள். சொல்ல மாட்டேன் என்றாள். வெட்டினார்கள். நாச்சியார் திரும்பி வந்து தன் வைரத்தாலியை முதல் காணிக்கையாக வைத்தார் என்று சொல்வார்கள். கோயிலில் இன்றும் கூட்டம். பொய் சொன்னவன்மேல் வழக்குப் போட, ஏமாற்றியவனைத் தண்டிக்கக் காசு வெட்டிப் போட வருகிறார்கள்.

சரித்திர ஆதாரம் கேட்டால் கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்தச் சீமை மக்கள், அடைக்கலம் கொடுத்த ராஜாவைவிட, கேட்டபோது வாய் திறக்காத மாட்டுக்காரப் பெண்ணைத்தான் தெய்வமாக வைத்திருக்கிறார்கள்.

*

மூவேந்தரைப் பகைத்த பாரி இறந்தபின் அவர் மகளிரைக் கபிலர் விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துப் போனார், இருவரும் ஏற்கவில்லை. புறநானூற்றில் 200 முதல் 202 வரை. மூவேந்தரைப் பகைத்துக்கொள்ள யாரும் தயாரில்லை. ஒப்படைக்கும் சங்கடமே வராமல் இருக்க இதுதான் பத்திரமான வழி, உள்ளே விடாமல் இருப்பது. இன்றைக்கு அகதிகள் விஷயத்தில் பெரிய நாடுகள் எல்லாம் கற்று வைத்திருக்கும் வழியும் இதுவே. விசா என்று பெயர்.

*

காளையார்கோவில் ராஜகோபுரம் மருதுகள் கட்டியது. மானாமதுரையிலிருந்து செங்கல்லை ஆளுக்கு ஆள் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை. சரணடையாவிட்டால் கோபுரத்தை இடிப்போம் என்று கம்பெனி மிரட்ட, மருதுகள் தாங்களே வந்து நின்றார்கள் என்று இன்னொரு கதை. வெல்ஷும் மற்றவர்களும் சொல்வதன்படி அவர்கள் காட்டில் பிடிபட்டார்கள். எனக்குச் சுவாரஸ்யம் வேறு இடத்தில். மனிதனுக்குப் பதில் மனிதன் என்ற பேரத்தை மறுத்தவர்கள், கோபுரத்துக்குப் பதில் தங்களைத் தந்தார்கள் என்று ஊர் நம்ப விரும்புகிறது. தலைவர்கள் கடைசியில் ஊருக்காகவும் ஏதோ செய்தார்கள் என்று இருக்க வேண்டுமே.

*

தூக்கு அண்ணன் தம்பியோடு நிற்கவில்லை. குடும்பத்து ஆண்கள், துணை நின்றவர்கள் என்று பலர். விருப்பாட்சி கோபால நாயக்கரையும் அதே வருஷம் தூக்கிலிட்டார்கள். மிஞ்சியவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அதில் சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமியும் இருந்தான். 1818ல் வெல்ஷ் பினாங்கில் இருந்தபோது, தளர்ந்த கிழவன்போன்ற ஒருவர் அவர் முன்னால் வந்து நின்றார். யார் என்று கேட்டார். துரைசாமி. அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட ஆகியிருக்காது. ஆரஞ்சுப் பழம் தின்ற வெல்ஷால் அவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. மனம் நொந்ததாக எழுதியிருக்கிறார்.

*

அக்டோபர் 24ல் திருப்பத்தூரிலும் 27ல் காளையார்கோவிலிலும் மருதுகளுக்கு விழா நடக்கிறது. மாலை, அரசியல்வாதிகள், நீண்ட வாகன வரிசை, போலீஸ் பந்தோபஸ்து. நடக்கட்டும். மறுத்தவர்களுக்கு மரியாதை செய்யும் ஊர், மறுப்புக்கு விலை கொடுத்தவர்களைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதி வைக்கவில்லை என்பதுதான் என் குறை. எரிந்த வீடுகள் எந்தத் தெருவில் இருந்தன? அந்தக் காட்டுப் பாதையை வெட்டிய கூலிகள் எந்த ஊர்க்காரர்கள்? சோழபுரம் சடங்குக்குப் போய் நின்றவர்கள் வீட்டில் பிறகு என்ன பேசிக்கொண்டார்கள்? பினாங்குக்குப் போனவர்களின் பெண்டு பிள்ளைகளை யார் வைத்துக் காப்பாற்றினார்கள்?

அரண்மனைச் சிறுவயல், ஒக்கூர், சோழபுரம், காளையார்கோவில் பக்கத்து ஆட்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த வருஷத்தைப் பற்றி ஏதாவது சொல்லிவைத்திருந்தால், பெருமையானதோ அவமானமானதோ, அப்படியே எழுதி ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். தேதி தெரியாவிட்டால் பரவாயில்லை. காட்டிக்கொடுத்தவர் வழியில் வந்தவர்களும் எழுதுங்கள்.